துரைத் தொப்பியைத் திருப்பிப் பாருங்கள்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்த உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய காக்கித் தொப்பி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள். அது பிரிட்டிஷ் பட்டாளத்துத் தொப்பிதானா, இல்லை எஸ்டேட் துரைகள் போட்டுக்கொண்ட வெறும் வெயில் தொப்பியா? இதிலிருந்து ஒரு சேகரிப்பைத் தொடங்க நினைத்தால் ஏமாறாமல் இருப்பது எப்படி? "வெள்ளைக்காரன் தொப்பி நம் வீட்டில் எதற்கு?" என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொப்பிகளோடு பழகியவன் என்ற முறையில் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் தொப்பியை மேசைமேல் கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். வெளிப்பக்கத்தைத் தேய்க்கலாம், சாயம் பூசலாம், முத்திரை வில்லையை மாற்றிக் குத்தலாம். உள்பக்கத்தில் அவ்வளவு எளிதாகக் கைவைக்க முடியாது. நெற்றியைச் சுற்றி ஓடும் தோல் பட்டையை வியர்வைப் பட்டை என்போம். அதை நகத்தால் மெதுவாக மடித்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். பட்டாளத்தில் வழங்கப்பட்ட தொப்பி என்றால் அங்கேயோ உச்சியின் உட்புறத்திலோ ஓர் அம்புக்குறி முத்திரை இருக்க வாய்ப்புண்டு. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் சின்னம் அது. பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு அடையாளம். அம்போடு ஆங்கில 'ஐ' எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியாவில் செய்து இந்திய அரசுக் கிடங்குக்குப் போனது. 'யு' எழுத்துக்குள் அம்பு இருந்தால் தென்னாப்பிரிக்கா, 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரண்டாம் உலகப் போர்க்காலத் தொப்பிகளில் ஆண்டும் அளவும் சேர்ந்தே பதிந்திருக்கும்.

முத்திரை இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம். அதிகாரிகள் தங்கள் தொப்பியைச் சொந்தப் பணத்தில்தான் வாங்கினார்கள். அவற்றில் அரசாங்க அம்பு இருக்காது. லண்டன் கடையின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். ஹாக்ஸ் அண்ட் கோ, ஹெர்பர்ட் ஜான்சன், கிறிஸ்டிஸ், எல்வுட் போன்ற பெயர்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். எல்வுட் என்றால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. உள்ளே காற்று புகுந்து வெளியேற இடைவெளி விட்டுத் தொப்பி செய்ததில் அவர்கள் முன்னோடிகள்.

அடுத்தது, தொப்பி எதனால் செய்யப்பட்டது என்பது. மேல்துணி எங்காவது கிழிந்திருந்தால் அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். பழுப்பாக, புள்ளி புள்ளியாக, பாட்டில் மூடியைப் போல இருந்தால் அது தக்கை. மரத்தின் பட்டையிலிருந்து வருவது. வெண்மையாக, மெத்தென்று, விரல் பட்டாலே பள்ளம் விழும்படி இருந்தால் அது நெட்டி. மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டுகிறோமே நெட்டி மாலை, அதே நெட்டிதான். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலைக் குட்டியாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் இதில்தான். குளத்திலும் சதுப்பிலும் வளரும் இந்தச் செடிக்கு வங்காளத்தில் 'சோலா' என்று பெயர். 'சோலா தொப்பி' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதைச் சூரியனோடு சேர்த்து 'சோலார்' என்று ஆங்கிலேயர்களே தவறாக எழுதிவைத்ததால் இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள்.

பட்டாளம் பெரும்பாலும் தக்கையைத்தான் விரும்பியது. நெட்டி இறகுபோல இலேசானது, ஆனால் ஒரு நல்ல மழை போதும், ஊறி உருக்குலைந்துவிடும். கீழே விழுந்தால் உடையும். அதனால்தான் மலைத்தோட்டத்துத் துரைகளின் தொப்பிகளில் நெட்டி நிறைய, படைத்தொப்பிகளில் தக்கை நிறைய. இது முழு விதி அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் நெட்டியால் செய்த படைத்தொப்பிகளும் ஏராளமாக வெளிவந்தன.

நீங்கள் எழுதிய விவரங்களைப் பார்க்கும்போது, ஆறு துண்டுகளாகத் தைத்த காக்கித் துணி, சுற்றிலும் அகலமான விளிம்பு, பின்புறம் இன்னும் சற்று அகலம், இடப்பக்கம் சுற்றுத்துணியில் தைத்த ஒரு சிறிய வண்ணச் சதுரம், இவையெல்லாம் வோல்ஸ்லி வகைத் தொப்பியைச் சொல்கின்றன. ஃபீல்டு மார்ஷல் கார்னெட் வோல்ஸ்லியின் பெயரால் அழைக்கப்படுவது. 1890களின் இறுதியில் அதிகாரிகளுக்கும், பிறகு எல்லாப் படைவீரர்களுக்கும் வந்து, இரண்டு உலகப் போர்களையும் கண்டு, 1948இல் பிரிட்டிஷ் தரைப்படையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தச் சிறிய வண்ணச் சதுரம்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய தடயம். ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் அதன் நிறமும் வடிவமும் வேறு. தேயிலைத் துரை தன் வெயில் தொப்பியில் அதைத் தைத்துக்கொள்ளக் காரணம் இல்லை. உங்களுடையது பட்டாளத்துத் தொப்பி என்றே நினைக்கிறேன். அது எஸ்டேட்டுக்கு எப்படி வந்தது என்பதும் பெரிய புதிர் அல்ல. பக்கத்திலேயே வெலிங்டன் படை முகாம் 1850களிலிருந்து இருக்கிறது. தோட்டத் துரைகள் பலர் பகுதிநேரத் தொண்டர் படைகளில் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள்.

வோல்ஸ்லிக்கு முந்தியது, 1877இல் ஏற்கப்பட்ட வெளிநாட்டுச் சேவைத் தொப்பி. வெள்ளைத் துணி, உயரமான கூம்பு, முன்னும் பின்னும் கூர்ந்து இறங்கும் விளிம்பு. அணிவகுப்புக்கு உச்சியில் பித்தளைக் கூர், பீரங்கிப் படை போன்ற சில பிரிவுகளுக்குக் கூருக்குப் பதில் உருண்டை. அன்றாட வேலைக்குத் துணி சுற்றிய குமிழ். இந்த வகையை வாங்கும்போது நிதானம் வேண்டும், ஏனென்றால் கூர் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். 1998இல் ஒரு காயலான் கடையில் கூர் வைத்த வெள்ளைத் தொப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். தொப்பி பழையது. கூரும் பழையது. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் இல்லை. கூரைத் திருகிக் கழற்றிவிட்டுக் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றியிருந்த தக்கை வெளிர் பழுப்பாக, நேற்று அறுத்தது போல இருந்தது. நூறாண்டு காற்றுப்பட்ட தக்கை கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். நான் விலை பேசாமல் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து கையில் ஒரு சிறு டார்ச் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

தொப்பியின் முகப்பில் குத்தும் முத்திரை வில்லைகளிலும் இதே விதிதான்: திருப்பிப் பாருங்கள். அக்காலத்து வில்லை அச்சில் வைத்து அடித்தது. முன்புறம் மேடாக இருப்பது பின்புறம் பள்ளமாகத் தெரியும். மணலில் வார்த்த போலியின் பின்புறம் தட்டையாக, சொரசொரப்பாக, சிறு குழிகளோடு இருக்கும், கனமும் அதிகம். முன்புறத்தில் கிரீடத்தைக் கவனியுங்கள். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் காலத்தில், வளைவுகள் கவிகைபோல உருண்டு நிற்கும் டியூடர் கிரீடம். எலிசபெத் அரசி காலத்தில் உச்சி உள்வாங்கிய கிரீடம். விக்டோரியா அரசி காலத்து வில்லையிலும் உச்சி சற்று உள்வாங்கியே இருப்பதால், 1953க்குப் பின் வந்ததை விக்டோரியா காலத்தது என்று விற்பவர்கள் உண்டு. இன்னொரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மூன்றாம் சார்லஸ் மன்னரானதும் டியூடர் கிரீடத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டார். ஆகவே உருண்டை வளைவைப் பார்த்ததும் 'பழசு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எண்ணையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 1881 சீர்திருத்தம் வரை எண்ணால் அறியப்பட்டன. அதற்குப்பின் ஊர், வட்டாரப் பெயர்கள் வந்தன. ஆகவே வெறும் எண் மட்டும் உள்ள காலாட்படை வில்லை, 1890களின் இறுதியில் வந்த வோல்ஸ்லி தொப்பியில் குத்தியிருந்தால், யாரோ இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இனிக் கறையைப் பற்றி. சேகரிப்பவர் கையால் அதிகம் அழிவது இதில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நடந்த 1879 ஜூலுப் போரிலும் அதே காலத்து ஆப்கன் போரிலும் வெள்ளைத் தொப்பி எதிரிக்குத் தொலைவிலிருந்தே தெரிந்தது. வீரர்கள் தேநீரிலும் மரப்பட்டைச் சாற்றிலும் அதை நனைத்துப் பழுப்பாக்கினார்கள், மின்னும் வில்லையைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பழுப்புக் கறைதான் அந்தத் தொப்பி போர்க்களத்துக்குப் போய்வந்ததற்குச் சாட்சி. அதைச் சோப்புப் போட்டு வெளுப்பவர் சாட்சியை அழிக்கிறார்.

இங்கே ஒரு சிக்கல். போலி செய்கிறவர்களும் தேநீரில்தான் நனைக்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது? தொப்பியைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஓடும் துணியை, நம் தலைப்பாகையிலிருந்து எடுத்துக்கொண்டதை, ஒரு தட்டையான குச்சியால் ஒரு மயிரிழை அளவு தூக்கிப் பாருங்கள். வெயிலும் தூசியும் வெளி மடிப்பைத்தான் தொடும். மடிப்பின் ஆழத்தில் துணி தன் பழைய நிறத்தில் இருக்கும். கறை நெற்றிப் பக்கம் அடர்ந்து, பின்புறம் இளகி, ஏற்றத்தாழ்வாக இருக்கும், ஏனென்றால் மனிதன் தொப்பியைப் பிடித்துக் கழற்றும் இடம் ஒன்றேதான். முழுத் தொப்பியையும் சாயத்தில் முக்கி எடுத்தால் மடிப்பின் அடிவரை ஒரே நிறம். வீரன் துணியைச் சுற்றிவிட்டுத் தானே நனைத்திருந்தாலும், அதன்மேல் ஏறிய வெயில் மடிப்புக்கு வெளியே ஒரு நிறத்தையும் உள்ளே ஒரு நிறத்தையும் விட்டிருக்கும். கூடவே இருட்டறையில் ஒரு புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். இன்றைய செயற்கை நூலும், இக்காலச் சலவைத்தூளின் வெண்மையூட்டிகளும் நீலமாகப் பளிச்சிடும். பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். தையலில் மட்டும் நீலக்கோடு தெரிந்தால் யாரோ அண்மையில் பழுது பார்த்திருக்கிறார்கள். முழுத் தொப்பியும் ஒளிர்ந்தால் ஒன்று புதியது, இல்லை சலவை கண்டது.

தொடக்கத்தில் நானே ஒரு வோல்ஸ்லி தொப்பியின் சுற்றுத்துணியைக் கழற்றி வெந்நீரில் அலசினேன். அழுக்கு நன்றாகப் போயிற்று. துணியின் உள்முனையில் ஊதா மையில் எழுதியிருந்த படை எண்ணும் அழுக்கோடு போயிற்று. அந்த எண்ணை அலசுவதற்கு முன் நான் எழுதி வைக்கவில்லை. அந்தத் தொப்பியை அணிந்தவன் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. உங்களுக்கு அது நேர வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவு போதும். பித்தளையைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். அதிகாரிகளின் வில்லைகள் பல தங்க முலாம் பூசியவை. முலாம் ஒருமுறை போனால் போனதுதான். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டலாம்.

தொப்பியை விளிம்பின்மேல் நிற்கவிடக் கூடாது. உள்ளே அமிலமற்ற காகிதத்தை உருட்டி அடைத்து, உச்சியைத் தாங்கும்படி வையுங்கள். நம் ஊர் ஈரம் பூஞ்சணத்தைக் கொண்டுவரும், இராமபாணப் பூச்சி ஒட்டுப்பசையைத் தின்னும், அந்துப்பூச்சி கம்பளியைத் தின்னும். பூச்சி விழுந்துவிட்டால் மருந்து அடிக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டால் போதும். ஓர் எச்சரிக்கை: பழைய மயிர்க்கம்பளித் தொப்பிகளைச் செய்யும்போது பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். பழைய சேகரிப்புகளில் பூச்சிக்காக ஆர்சனிக் தூவியதும் உண்டு. கையுறை போடாமல் கையாள வேண்டாம். குழந்தைகள் தலையில் வைத்துப் படம் எடுக்கவே வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வரி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தொழிலாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. அவர் கேட்பது நியாயம். தொப்பி நம் மண்ணில் வெறும் வெயில் மறைப்பாக இருந்ததில்லை. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் கீழ், சிப்பாய்களுக்குப் புதுத் தலையணி ஒன்றை அணியச் சொல்லி உத்தரவு வந்தது. தலைப்பாகைபோல இல்லாமல் ஐரோப்பியத் தொப்பிபோல இருந்தது அது. முகப்பில் தோலில் செய்த அணி. கூடவே நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் இருவரையும் ஒரே பக்கம் நிறுத்தியது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69ஆம் ரெஜிமென்ட்டின் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். எழுச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் தீயை மூட்டியது அந்தத் தொப்பி. பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதை அறிந்தபின் என் சேகரிப்பைப் பார்க்கும் பார்வை மாறியது. என் அலமாரியில் இருந்தவை எல்லாம் அதிகாரிகளின் தொப்பிகள். ஏன்? அவர்களுக்குத் தகரப் பெட்டி இருந்தது, பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது, பத்திரமாக வைக்க வேலைக்காரர் இருந்தார்கள். அதே வரிசையில் நின்ற நம் ஊர்ச் சிப்பாயின் தலையில் இருந்தது சில கெஜம் துணி. ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் அது முண்டாசாகி, துண்டாகி, தூளியாகி, கடைசியில் அடுப்புத் துணியாகித் தீர்ந்திருக்கும். சேகரிப்புகளில் துரைகள் நிறைந்திருப்பதும் சிப்பாய்கள் காணாமல் போயிருப்பதும் இப்படித்தான். அதனால் இப்போது நான் தேடுவது வேறு: படைப் பொறியியல் பிரிவினரான சென்னைச் சாப்பர்களின் தலையணிகள், சென்னைத் தொண்டர் படை, தென்னிந்திய ரயில்வே தொண்டர் படை ஆகியவற்றின் வில்லைகள், ஓய்வுபெற்ற சுபேதார் வீட்டில் மிஞ்சிய ஒரு குல்லாயோ ஜரிகைக் கரையோ. லண்டன் ஏலத்தில் இவற்றுக்குப் பெரிய விலை இல்லாமல் இருக்கலாம். எனக்கு இவைதான் மேல்தட்டில் இருக்கின்றன. அப்பாவிடம் வேலூரைச் சொல்லுங்கள். அந்தத் தொப்பி வீட்டில் இருந்தால்தான் அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்துச் சொல்ல முடியும் என்றும் சொல்லுங்கள். நேரம் இருந்தால் அவரையே சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். கம்பெனிக் காலத்துச் சீருடைகளின் எதிரே நின்று பேசுவது வேறு அனுபவம்.

வாங்கத் தொடங்குவது பற்றி ஒன்றே ஒன்று. முதல் ஓராண்டு எதுவும் வாங்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒன்றையே முழுதாகப் படியுங்கள். துணிச் சதுரத்தின் நிறங்களை இயற்கை வெளிச்சத்தில் படமெடுங்கள், மடிப்புகளை எண்ணுங்கள், தாடைப் பட்டையின் கொக்கிகள் இரு பக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள், நான் சொன்னபடி வியர்வைப் பட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். பெயரோ முதலெழுத்துகளோ கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் படைப் பட்டியல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும் அப்படியே. அதிகாரியாக இருந்தால் அவர் எந்த ஆண்டு எந்த ரெஜிமென்ட்டில் இருந்தார் என்பதை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு சம்பளப் பட்டியலோ துரையின் கடிதமோ இருந்தால், தொப்பியை அவருக்குக் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கக்கூடும்.